குந்தவைக்கு ஒரு கொண்டை!

குந்தவைப் பிராட்டிக்கு மொட்டைத் தலை!

நம்ப முடியவில்லை அல்லவா? எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனால் உத்திரமேரூரில் என் அக்காள் வீட்டுத் திண்ணையில் அந்தக் குந்தவை சாட்சாத் உட்கார்ந்திருந்தாள். வயது பத்து. படிப்பது ஐந்தாம் வகுப்பு. தலையில் முளைத்திருந்ததோ ஒரு விரற்கடை முடி. கண்களில் மட்டும் குளம் கட்டி நின்றது.

"மாமா! என் வேஷத்தை வேறு பெண்ணுக்குக் கொடுத்துவிடுவார்கள் போல இருக்கிறது" என்றாள்.

விஷயம் இதுதான். பள்ளிக்கூடத்தில் ஆண்டு விழா. அதில் ஒரு சிறு நாடகம். எழுதியவர் வகுப்பு ஆசிரியை. குந்தவையாக நடிக்க என் அக்காள் மகளைத்தான் அவர் தேர்ந்தெடுத்திருந்தார். வசனத்தைத் தடுமாறாமல் சொல்லக்கூடியவள் அவள் ஒருத்திதான். ஆனால் மொட்டைத் தலையோடு ஒரு சோழ இளவரசியை எப்படி மேடை ஏற்றுவது? "டோப்பா கிடைத்தால் நீ, கிடைக்காவிட்டால் வேறு ஆள் பார்க்க வேண்டியதுதான்" என்று ஆசிரியை வருத்தத்தோடு சொல்லி அனுப்பியிருந்தார். விழாவுக்கு இன்னும் பத்தே நாள்!

ஊருக்கும் உறவு உண்டு

இந்த நாடகம் அந்த ஊருக்கு ஏன் வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

மணிரத்னத்தின் 'பொன்னியின் செல்வன்' 2022-லும் 2023-லும் இரண்டு பாகங்களாக வெளிவந்தது. அதில் குந்தவை, திரிஷா. உடை அலங்காரம் செய்தவர் ஏகா லக்கானி. கல்கி இந்தக் கதையை 1950 முதல் 1954 வரை வாரம் தோறும் எழுதியபோது, மணியம் வரைந்த சித்திரங்களில்தான் வாசகர்கள் குந்தவையைக் கண்டார்கள். இன்றைய குழந்தைகளுக்குக் குந்தவை என்றால் திரையில் பார்த்த முகம்தான். உயர்ந்த கொண்டை, நெற்றிச்சுட்டி, இடுப்பில் ஒட்டியாணம், கையில் வங்கி. இவை இல்லாமல் யார் வந்து நின்றாலும் "இது குந்தவை இல்லை" என்று முதல் வரிசைப் பையன் சொல்லிவிடுவான்.

உத்திரமேரூருக்கும் குந்தவைக்கும் சொந்தம் உண்டு. ஊர் நடுவில் இருக்கிறது வைகுந்தப் பெருமாள் கோயில். குடவோலை முறையைச் சொல்லும் புகழ் பெற்ற கல்வெட்டுகள் அதன் சுவரில்தான் இருக்கின்றன. அவை 919, 921-ஆம் ஆண்டுகளில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில் வெட்டப்பட்டவை. பராந்தகனின் மகன் அரிஞ்சயன். அவன் மகன் சுந்தர சோழன். சுந்தர சோழனின் மகள் குந்தவை. ஆகவே பராந்தகன் அவளுக்குக் கொள்ளுப் பாட்டன்!

ஆசிரியை இதைப் பிடித்துக்கொண்டார். "இந்த ஊர்க் கல்லில் இருப்பது என் கொள்ளுப் பாட்டனின் காலம்" என்று சொல்லிக் குந்தவை சபைக்குத் தலை வணங்க வேண்டும். அதுதான் நாடகத்தின் கடைசி வசனம். தலை வணங்குவதில்தான் பின்னால் ஒரு விபரீதம் நடந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

வேண்டுதல்

தலை ஏன் மொட்டை? சென்ற மழைக் காலத்தில் குழந்தைக்கு டெங்குக் காய்ச்சல். ஒரு வாரம் ஆஸ்பத்திரி. ரத்தத் தட்டணுக்கள் நாளுக்கு நாள் இறங்கின. அந்த இரவுகளில் ஒன்றில் அக்காள் திருத்தணி முருகனை நினைத்து, "குழந்தையைக் கொடு, முடியை எடுத்துக்கொள்" என்று வேண்டிக்கொண்டாள். குழந்தை பிழைத்தாள். தை மாதம் திருத்தணி மலையில் இடுப்பு வரை தொங்கிய பின்னல் இறங்கியது. மாசியில் ஆண்டு விழா வந்துவிட்டது.

"வேண்டிக்கொண்டவள் நான். முடி போனது அவளுக்கு. வேஷமும் போனால் முருகனிடம் கோபித்துக்கொள்வாளா, என்னிடம் கோபித்துக்கொள்வாளா?" என்றாள் அக்காள்.

நான் பட்டம் படித்தவன் அல்லவா! உடனே ஒரு யோசனை சொன்னேன். "காஞ்சிபுரத்தில் வாடகைக்குக் கிடைக்கும், வா" என்று இருவரையும் பஸ் ஏற்றினேன்.

வாடகைக் கடையில்

கடைக்காரர் எல்லாவற்றையும் எடுத்துப் போட்டார். சேலை, நகை, டோப்பா மூன்றும் சேர்த்து ஒரு நாளைக்கு 1,200 ரூபாய். முன்பணம் 2,000. டோப்பாவைக் குழந்தையின் தலையில் வைத்தோம். அது மூக்கு வரை இறங்கியது! பெரியவர்கள் அளவில் செய்தது. உள்ளே பழைய வேர்வை நாற்றம் வேறு. குழந்தை முகத்தைச் சுளித்தாள்.

அசல் முடியில் செய்த டோப்பா என்றால் விலை ஆயிரக் கணக்கில் போகும். இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். திருமலையில் பக்தர்கள் இறக்கும் முடியைத் தேவஸ்தானம் ஏலம் விடுகிறது. அந்த முடி டோப்பாவாகவும் சவுரியாகவும் வெளிநாடுகளுக்குப் போகிறது. கோயில்களில் காணிக்கையாக இறங்கும் முடி எங்கோ யார் தலையையோ அலங்கரிக்கிறது. காணிக்கை கொடுத்த பெண்ணுக்கு ஒரு கொண்டைக்கு வழி இல்லை!

அக்காள் ஒன்றும் பேசவில்லை. திரும்பி வரும்போது பஸ் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டே வந்தாள். அவள் வீட்டிலேயே தையல் மிஷின் வைத்துத் தைப்பவள். சாதா ரவிக்கை ஒன்றுக்குக் கூலி 100 ரூபாய். கணவர் ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்க்கிறார்.

ஊர் வந்ததும் சொன்னாள்: "ஐந்து ரவிக்கைக் கூலி, 500 ரூபாய். அதற்கு மேல் ஒரு பைசா கிடையாது. நானே செய்கிறேன்."

'கூந்தல் உள்ள சீமாட்டி அள்ளி முடிகிறாள்' என்பது பழமொழி. கூந்தல் இல்லாதவள் என்ன செய்வாள்? தைத்துக்கொள்வாள்!

பதினைந்தடி தூரம்

அன்றிரவு அக்காள் துணியைத் தொடவில்லை. செல்போனில் படத்தின் பாட்டை ஓட விட்டாள். குந்தவை வரும் இடத்தில் நிறுத்தினாள். பிறகு போனை எதிர்ச் சுவர் மாடத்தில் வைத்துவிட்டு, வாசற்படி அருகே போய் நின்று பார்த்தாள்.

"என்ன அக்கா இது?" என்றேன்.

"படத்தில் கேமரா மூக்குத்திக்குப் பக்கத்தில் போகிறதடா. நம் மேடைக்குப் பக்கத்தில் யார் போகப் போகிறார்கள்? முதல் வரிசையே பதினைந்தடி தள்ளி இருக்கும். அங்கிருந்து பார்த்தால் எது தெரிகிறதோ அதை மட்டும் செய்தால் போதும்" என்றாள்.

தெரிந்தவை நான்கே நான்கு. கொண்டையின் உயரம். சேலையின் நிறமும் கரையும். இடுப்பில் ஒட்டியாணம். கையில் வங்கியும் நெற்றியில் சுட்டியும். மோதிரம், மெட்டி, நுணுக்கமான கல் வேலை எதுவும் தெரியவில்லை. எல்லாவற்றையும் பட்டியலில் இருந்து அடித்துவிட்டாள். பாதிச் செலவு அந்த இடத்திலேயே குறைந்தது.

இது காஞ்சிபுரம் வட்டாரத்துக் கூத்துக் கலைஞர்களுக்குத் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்த ரகசியம். கட்டைக்கூத்தில் ராஜா வேஷக்காரர் அணியும் கிரீடம், புஜகீர்த்தி, மார்ப்பதக்கம் எல்லாம் என்ன? தங்கமா? மரம்! கல்யாண முருங்கை மரத்தைக் குடைந்து, வர்ணம் பூசி, கண்ணாடிச் சில்லு பதித்தவை. பக்கத்தில் போய்ப் பார்த்தால் மரக்கட்டை. விளக்கு வெளிச்சத்தில் தூரத்தில் இருந்து பார்த்தால் துரியோதன மகாராஜா! கல்யாண முருங்கை லேசான மரம். கனமான மரமாக இருந்தால் விடிய விடிய ஆட முடியுமா? காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில் பி. ராஜகோபால் முதலானவர்கள் சேர்ந்து 1990-இல் தொடங்கிய கட்டைக்கூத்துச் சங்கம் இந்தக் கலையை வளர்த்து வந்திருக்கிறது.

தூரத்துக் கண்ணுக்கு மினுக்கு வேண்டும். ஆடுகிறவர் உடம்புக்கு லேசு வேண்டும். இந்த இரண்டு விதியும் பிறகு எங்களுக்குக் கை கொடுத்தன.

கொண்டை பிறந்த கதை

முதலில் தொப்பி. பழைய கறுப்பு டீ சட்டை ஒன்றை வெட்டி, குழந்தையின் தலைச் சுற்றளவான 52 சென்டிமீட்டருக்கு ஒரு குல்லாய் தைத்தாள். உள்ளே பழைய வேட்டித் துணியில் ஓர் உள்பட்டை. புதிதாக முடி முளைக்கும் தலையில் கம்பளி பட்டால் அரிக்கும் அல்லவா?

அடுத்தது முடி. கறுப்புக் கம்பளி நூல் இரண்டு பந்து. அதைப் பரீட்சை அட்டையின் நீளவாட்டில் நெருக்கமாகச் சுற்றி, ஒரு முனையில் கத்தரித்தால் ஒரே அளவான இழைகள் கிடைக்கும். இந்த வேலை எனக்கு. நான் இரண்டு முனையிலும் கத்தரித்துவிட்டேன்! இழை எல்லாம் பாதி நீளம் ஆகிவிட்டது. "காலேஜில் இதுதான் சொல்லிக் கொடுத்தார்களா மாமா?" என்று குந்தவை கேட்டாள். நல்ல வேளை, ஒரு சுற்றோடு போயிற்று.

இனிமேல்தான் சூட்சுமம். ஒவ்வோர் இழையையும் இரண்டாக மடித்து, மடிப்பைக் குல்லாயின் ஓரத்தில் வைத்துத் தைக்க வேண்டும். ஒரு சென்டிமீட்டருக்கு நான்கு இழை. அப்படிச் சுற்றிலும் தைத்தால் இருநூறு இழைக்கு மேல் வரும். ஆனால் இழைகள் மேல் நோக்கி இருக்கும்படி தைக்கக் கூடாது. முகத்தின் மேல் தொங்கும்படி, கீழ் நோக்கி வைத்துத் தைக்க வேண்டும். தைத்து முடித்ததும் எல்லாவற்றையும் அள்ளி மேலே புரட்டினால், தையல் உள்ளே மறைந்துவிடும். நெற்றியில் இருந்து முடி எழும்பி வாரியது போல இருக்கும். ஓரத்தில் மட்டும் முடி வைத்தால் போதும்; நடுவில் தேவை இல்லை. அள்ளி எடுத்த இழைகளே குல்லாயை மூடிவிடுகின்றன.

உச்சியில் இழைகளைச் சேர்த்துக் கட்டி, நடுவில் கந்தல் துணிப் பொட்டலம் ஒன்றை வைத்து, அதன் மேல் மீதி இழையைச் சுற்றினாள். கொண்டை தயார்! குழந்தை கண்ணாடியில் பார்த்தாள். இரண்டு மாதத்துக்குப் பிறகு அன்றுதான் அவள் கண்ணாடி முன்னால் ஒரு நிமிஷத்துக்கு மேல் நின்றாள்.

"எங்கே, கடைசி வசனத்தைச் சொல்" என்றேன்.

கம்பீரமாகச் சொன்னாள். தலை வணங்கினாள்.

பொத்! வாசல் கோலத்தின் நடுவில் விழுந்து கிடந்தது சோழ நாட்டுக் கொண்டை!

நான் சிரித்துவிட்டேன். அது தப்பு. குழந்தை உள்ளே ஓடிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். "நான் நடிக்கவில்லை" என்று உள்ளேயிருந்து அழுகைக் குரல் மட்டும் வந்தது. அக்காள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அப்படியே விளக்கடியில் உட்கார்ந்து தையலைப் பிரிக்கத் தொடங்கினாள். அப்போது மணி இரவு பதினொன்று.

குற்றம் எங்கே? கனத்தில். கந்தல் பொட்டலம் கால் கிலோவாவது இருக்கும். அந்த இடத்தில் இப்போது பையன்கள் விளையாடும் பொள்ளலான பிளாஸ்டிக் பந்து ஒன்று வந்தது. பழுக்கக் காய்ச்சிய ஊசியால் அதன் அடியில் சுற்றிலும் துளை போட்டு, குல்லாயோடு சேர்த்துத் தைத்தாள். முடி உள்ள தலையில் கொண்டை ஊசி பிடிக்கும். மொட்டைத் தலையில் எதைப் பிடிக்கும்? ஆகவே காதுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் நாடா வைத்து, பிடரிக் குழியில் முடிச்சுப் போட ஏற்பாடு செய்தாள். தலையின் பின்மேட்டுக்குக் கீழே முடிச்சு விழுவதால் நழுவாது. முடிச்சின் மேல் துணிப் பூச்சரம். கம்பளி பிசிறாமல் இருக்க மேலே ஒரு கொண்டை வலை.

காலையில் கதவு திறந்தது. டோப்பாவை மாட்டிக்கொண்டு குழந்தை பத்துத் தடவை தலை வணங்கிப் பார்த்தாள். கொண்டை அசையவில்லை.

பாட்டியின் பட்டு

சேலைக்கு அக்காளின் பழைய சேலை ஒன்று எடுத்தோம். செயற்கைப் பட்டு, அரக்குச் சிவப்பு. அதை வெட்டவே இல்லை. பத்து வயது உயரத்துக்கு மடித்து, கொசுவத்தை நிரந்தரமாக வைத்து, வெறும் நூலோட்டம் போட்டு, இடுப்பில் எலாஸ்டிக் கோத்தாள். பாவாடை போல மாட்டி, முந்தானையைத் தோளில் போட்டால் இரண்டு நிமிஷத்தில் குந்தவை ரெடி. விழா முடிந்ததும் நூலை உருவினால் பழைய சேலை!

கரைதான் கவலை. பெட்டியில் எங்கள் பாட்டியின் கலியாணப் பட்டு ஒன்று இருந்தது. இற்றுப்போன சேலை. ஆனால் கரை அசல் ஜரிகை. பட்டு நூலில் வெள்ளிக் கம்பியைச் சுற்றித் தங்க முலாம் பூசுவதுதான் அசல் ஜரிகை. அந்த வெள்ளிக்காகவே பழைய பட்டுச் சேலைகளை விலைக்கு எடுக்க வியாபாரிகள் வருகிறார்கள். "அவசரத்துக்கு ஆகும்" என்று அக்காள் அதை இத்தனை வருஷம் விற்காமல் வைத்திருந்தாள். இப்போது கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்!

"கொஞ்சம் பொறு. உன் பதினைந்தடி விதிப்படி பார்த்துவிடுவோம்" என்றேன்.

கடையில் மீட்டர் 12 ரூபாய்க்கு வாங்கிய போலி ஜரிகைக் கரையையும், பாட்டியின் பட்டையும் கொடியில் பக்கத்துப் பக்கத்தில் தொங்கவிட்டோம். டியூப் லைட் வெளிச்சத்தில், தெருவில் நின்று பார்த்தோம். என்ன ஆச்சரியம்! அசல் ஜரிகை அடக்கமாக மங்கி நின்றது. போலி ஜரிகைதான் பளபளவென்று மின்னியது!

பாட்டியின் பட்டு தப்பித்தது. அக்காள் அதை மடித்துத் திரும்பவும் பெட்டியில் வைத்தபோது அவள் முகத்தைப் பார்த்தேன். வெட்டாமல் போனதில் அவளுக்கு எவ்வளவு நிம்மதி என்பது அப்போதுதான் தெரிந்தது.

நகைகள்? கலியாணப் பத்திரிகைகள்! வீட்டுக்கு வீடு ஒரு கட்டு இருக்கிறதே, தங்க நிறத்தில், தடித்த அட்டையில்! அவற்றை வெட்டி ஒட்டியாணமும் வங்கியும் செய்தோம். மேலே கண்ணாடிச் சில்லும் கல்லும் ஒட்டினோம். பின்னால் எலாஸ்டிக். பாசிமணியில் சுட்டி. அந்தச் சுட்டி நெற்றியில் டோப்பாவின் ஓரத்தையும் மறைத்துவிட்டது.

கணக்கு

வீட்டில் செய்து பார்க்க விரும்பும் தாய்மார்களுக்காக அக்காளின் கணக்கு நோட்டில் இருந்தபடியே தருகிறேன்.

கம்பளி நூல் 2 பந்து: ரூ. 100
பிளாஸ்டிக் பந்து: ரூ. 20
கொண்டை வலை: ரூ. 20
எலாஸ்டிக், நாடா: ரூ. 30
ஜரிகைக் கரை 5 மீட்டர்: ரூ. 60
கண்ணாடிச் சில்லு, கல்: ரூ. 60
பாசிமணி: ரூ. 40
துணிப் பூச்சரம் 2: ரூ. 50
பசை: ரூ. 20
நூல், ஊசி: ரூ. 10
ஆக மொத்தம்: ரூ. 410.

"மூன்று ராத்திரி கண் விழித்தாயே, உன் கூலியை எழுதவில்லையே?" என்று கேட்டேன்.

"வேண்டுதலுக்கு யாராவது கூலி எழுதுவார்களா, தம்பி?" என்றாள்.

மேடையில்

விழா அன்று மாலை பள்ளிக்கூட மைதானம் நிறைந்திருந்தது. நான் வேண்டுமென்றே கடைசி வரிசையில் நின்றேன்.

திரை விலகியது. குந்தவை வந்தாள். அரக்குச் சிவப்புச் சேலை, மின்னும் கரை, உயர்ந்த கொண்டை. முன் வரிசையில் ஒரு பையன் "டேய், திரிஷா!" என்று கத்தினான். எனக்குப் பாதிக் கவலை தீர்ந்தது. பாக்கிப் பாதி? கடைசி வசனம்!

பராந்தகன் பெயரைச் சொன்னாள். சபையைப் பார்த்தாள். மெதுவாகத் தலை வணங்கினாள். பக்கத்தில் நின்ற அக்காள் என் கையைப் பிடித்த பிடி இன்னும் வலிக்கிறது.

கொண்டை அசையவில்லை!

கைதட்டல் அடங்கச் சிறிது நேரம் ஆயிற்று. மேடைக்குப் பின்னால் போனோம். குந்தவை டோப்பாவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, வேர்த்த தலையைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தாள். சுற்றிலும் தோழிகள். இரண்டு மாதமாக அவளை "மொட்டை, மொட்டை" என்று கேலி செய்த பெண், "எனக்கு ஒரு தடவை வைத்துவிடேன்" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். குந்தவை பெருந்தன்மையோடு எடுத்து வைத்துவிட்டாள். தன் மொட்டைத் தலையை யார் பார்க்கிறார்கள் என்ற நினைப்பே அவளுக்கு இல்லை.

மறுநாள் காலை இரண்டு தாய்மார்கள் அக்காள் வீட்டுக்கு வந்தார்கள். ஒருத்தியின் மகளுக்கு வேறு பள்ளியில் மாறுவேடப் போட்டியாம். "அந்த டோப்பாவை வாடகைக்குத் தருவாயா அம்மா?" என்று கேட்டார்கள்.

மிஷினில் இருந்து தலை நிமிராமலே அக்காள் சொன்னாள்:

"வாடகைக்குத் தருவதில்லை. உன் மகள் தலை அளவை எடுத்துக்கொண்டு, இரண்டு பந்து கறுப்பு நூல் வாங்கிக்கொண்டு வா. கற்றுத் தருகிறேன். ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்: இழையைக் கீழ் நோக்கித் தைக்க வேண்டும்."